வாத்து, ஆடு, இருபத்து மூன்று புத்தகம்

யோப்ஸ்ட் பிரபுவைப் புதைத்த மண்ணில் ஈரம் காயவில்லை. எட்டாம் நாள் மத்தியானமே அவருடைய தம்பி ஆஸ்முஸ் இரண்டு வண்டிகளோடு ஹாஸல்ரோட் கோட்டைக்கு வந்து இறங்கினார். ஒரு வண்டியில் அவருடைய படுக்கை இருந்தது. இன்னொன்று காலி.

வாசலில் நின்ற அப்போலோனியா காலி வண்டியைத்தான் முதலில் பார்த்தார். கணவர் போய்விட்டார், ஆண் வாரிசு இல்லை. கோட்டையும் நிலமும் காடும் தம்பிக்குப் போகும் என்பது அவருக்குக் கல்யாணத்தன்றே தெரியும். அதற்காக அழ அவர் தயாராக இல்லை. மலையடிவாரத்தில், மாவரைக்கும் ஆலைக்குப் பக்கத்தில், விதவைக்கென்று எழுதிவைத்த வீடு ஒன்று இருந்தது. அதன் கூரையைப் போன கோடையிலேயே மாற்றியாகிவிட்டது.

ஆனால் முப்பது நாள் கழியும்வரை வாரிசு வீட்டில் தங்கலாமே தவிர எதையும் தொடக்கூடாது. சாலே ஆற்றின் எங்கள் கரையில் மதம் மாறியபோதுகூட அந்த வழக்கம் மாறவில்லை. அப்படியிருக்க இவ்வளவு அவசரமாக ஒரு காலி வண்டி எதற்கு?

சாப்பாட்டு மேசையில் விடை வந்தது. பட்டாணிக் கூழில் கறுப்பு ரொட்டியைத் தோய்த்துக்கொண்டே ஆஸ்முஸ் சொன்னார்.

“அண்ணி, நான் ஒண்ணும் கறாரான ஆள் இல்ல. வாத்து உங்களுது, ஆடு உங்களுது, துணிமணி, மெத்தை, நூல் எல்லாம் உங்களுது. சட்டம் பொம்பளைங்களுக்குக் கொடுத்ததை நான் தொடமாட்டேன். அண்ணனோட புத்தகப் பெட்டி மட்டும் எனக்கு வேணும்.”

“உங்களுக்கு எதுக்கு கொழுந்தனாரே? நீங்க வாசிச்சு நான் பார்த்ததே இல்லையே.”

“வாசிக்கவா?” ஆஸ்முஸ் வாய்விட்டுச் சிரித்தார். “அக்கரையில ஆயர் மாளிகை முற்றத்துல இந்த மாதிரி புத்தகத்துக்குன்னே நெருப்பு மூட்டுறாங்க. கொண்டுபோய்க் கொடுத்தா வனக் காவல் தலைமை எனக்கு. கடிதமே வந்தாச்சு.” இடுப்பில் தொங்கிய தோல்பையைத் தட்டிக் காட்டினார். “மலை முழுக்க மான். என்னைக் கேக்காம ஒருத்தன் முயலைக்கூடப் பிடிக்க முடியாது.”

வேதத்தை ஜெர்மனிலேயே வாசிக்கச் சொல்லும் புதிய மதம் ஆற்றுக்கு இந்தப் பக்கம் வந்து இரண்டு வருஷம். அந்தப் பக்கம் இன்னும் ஆயரின் ஆட்சி. இக்கரையில் பிரசங்க மேடையில் உரக்க வாசிப்பதை அக்கரையில் முற்றத்தில் எரிப்பார்கள். நடுவில் ஓடும் ஆறு ஒரு படகு கடக்கும் தூரம்தான்.

அப்போலோனியா கையிலிருந்த கரண்டியை மெதுவாக வைத்தார். “முப்பதாம் நாள் நடுவருங்க வருவாங்க. அவங்க சொல்றபடி ஆகட்டும்” என்றார். அடுத்த நாளே பெட்டிக்கு அரக்கு முத்திரை விழுந்தது. உள்ளே இருபத்து மூன்று புத்தகங்கள்.

*

அவை எப்படி வந்தன என்பதைச் சொல்ல வேண்டுமானால் அப்போலோனியா யார் என்று சொல்லியாக வேண்டும்.

ரேஃபெல்ட் குடும்பத்தில் ஐந்தாவது பெண். பிரசவத்தின்போது அவர் தாயாருக்குக் கடும் பல்வலி. பல்வலிக்கு வேண்டிக்கொள்ளும் புனிதையின் பெயரையே குழந்தைக்கு வைத்துவிட்டார்கள். ஐந்து பெண்களுக்கும் சீர் செய்ய முடியாது என்பதால் ஆறு வயதில் கன்னிமடத்தில் விட்டார்கள். அங்கே பாடக் கற்றார், பீர் காய்ச்சக் கற்றார், லத்தீன் எழுத்துகளைக் கூட்டி வாசிக்கக் கற்றார். பதினெட்டு வருஷம் ஒருநாளைக்கு ஏழு வேளை வேதத்தின் சங்கீதப் பாட்டுகளை லத்தீனில் பாடினார். என்ன பாடுகிறோம் என்பது மட்டும் தெரியாது. கேட்டால், கடவுளுக்குப் புரியும் என்பார்கள்.

இருபத்து நான்காம் வயதில் விவசாயிகளின் கலகம் வந்தது. தலைமைக் கன்னிகை வண்டியேறிப் போய்விட்டார். மீதிப் பேர் மூலைக்கொருவராகச் சிதறினார்கள். அப்போலோனியா மட்டும் நிலவறைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு மடத்திலேயே இருந்தார். குடிக்கக் கேட்டு வந்த கலகக்காரர்களிடம், “பீர் இன்னும் பதமாகல, ஞாயித்துக்கிழமை வாங்க” என்றாராம். அவர்களும் ஞாயிற்றுக்கிழமை வந்தார்களாம். இது அவரே சொன்னதுதான். கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருக்கலாம்.

அதன்பிறகு அந்த மடத்தின் ஹாப்ஸ் தோட்டம், பீருக்குக் கசப்பேற்றும் கொடி, விலைக்கு வருமா என்று பார்க்க வந்தவர் யோப்ஸ்ட். நாற்பத்தாறு வயது, மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. தோட்டத்தை விட்டுவிட்டு, அதைக் காத்து நின்ற பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பீர் காய்ச்சத் தெரியுமா?”

“தெரியும். உங்களுக்கு வாசிக்கத் தெரியுமா?”

“கையெழுத்துப் போடுவேன். அதுவும் நிதானமாத்தான்.”

“அப்ப சரி. நீங்க புத்தகம் வாங்குங்க, நான் வாசிக்கிறேன். நான் பீர் காய்ச்சுறேன், நீங்க குடிங்க.”

பதினாறு வருஷக் குடித்தனம் அந்த ஒப்பந்தத்தின்படிதான் நடந்தது. ஒரு பெண் பிறந்து மூன்று வயதில் அம்மையில் போயிற்று. மற்றபடி சண்டை சச்சரவில்லை. புத்தகங்கள் தடையிலிருந்த நாட்களில் யோப்ஸ்ட் அவற்றை வாத்திறகு மூட்டைக்குள் ஒளித்து வரவழைத்தார். முதலில் வந்தது ஜெர்மனில் அச்சான சங்கீதங்கள். அப்போலோனியா ஒரே மூச்சில் பாதிவரை வாசித்துவிட்டு, கோபத்தோடு அடுக்களைக்குப் போய், சமையற்காரி உர்செலிடம் கத்தினார்.

“பதினெட்டு வருஷம் இதைப் பாடியிருக்கேன் உர்செல்! பாதிப் பாட்டு எதிரியோட பல்லை உடைன்னு கேக்குது! ஒருத்தரும் எங்கிட்டச் சொல்லல!”

“பல்லுக்கும் உங்களுக்கும் ஏதோ ராசி இருக்கும்மா” என்றாள் உர்செல், கையிலிருந்த முட்டைக்கோஸிலிருந்து கண்ணை எடுக்காமல்.

உர்செலுக்கு அப்போதே ஐம்பது வயது. யாரையும் நம்பாத பெண். குளிர்காலத்தில் பெண்கள் எல்லோரும் ஆளிநார் நூற்க உட்காரும்போது அப்போலோனியா உரக்க வாசிப்பார். மூன்றாம் வாரம் உர்செல் ராட்டையை நிறுத்தினாள்.

“அம்மா, நேத்து ஆண்டவர் விருந்துக்கு வந்த அந்த அக்கா தங்கச்சி கதையில, அடுக்களையில வேலை செஞ்ச அக்காவைத் திட்டுறதோட முடிச்சிட்டீங்க. அதுக்கப்புறம் அவளுக்கு ஒரு நல்ல வார்த்தையாவது இருக்கணுமே. பாதியை விட்டுட்டு வாசிக்கிறீங்க.”

“இல்லடி, அவ்வளவுதான் இருக்கு.”

“அதை நான் எப்படி நம்புறது?”

“நீயே பாரு.”

“பார்க்கத்தான் போறேன்.”

அவள் எழுத்துக் கற்றது இப்படித்தான். பக்திக்காக அல்ல, எஜமானியம்மாவை மாட்டிவிட. ஒரு வருஷம் ஆயிற்று. கடைசியில் அந்தப் பக்கத்தைத் தானே விரலால் தடவி வாசித்துவிட்டு, “ஆமா, இங்க ஒண்ணுமில்லதான். ஆனா நான் எழுதியிருந்தா சேர்த்திருப்பேன்” என்றாள். அவளைப் பார்த்துத் தொழுவத்து டோர்தே கற்றாள். டோர்தேயைப் பார்த்து மற்றவர்கள். பிறகு அப்போலோனியா பீர் காய்ச்சும் அளவுகளையும் உப்புக்கண்டம் போடும் முறையையும் சீட்டில் எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்ட ஆரம்பித்தார். வாயால் ஒரு வேலை சொல்வது மிச்சமாயிற்று.

*

முத்திரை விழுந்த மறுநாள் உர்செல் இறகு மூட்டையோடு வந்து நின்றாள்.

“வந்த வழியிலேயே போகட்டும்மா. அரக்கை நான் சூடு காட்டி எடுத்துருவேன். ஒவ்வொண்ணா மூட்டைக்குள்ள போட்டுக் கீழ் வீட்டுக்குக் கொண்டுபோயிடலாம்.”

“கூடாது.”

“நெருப்புல போகட்டுமா அப்ப?”

“திருடினா அது நம்முது இல்லன்னு நாமே ஒத்துக்கிட்ட மாதிரி. நம்ம பொருளை நாம பகல்ல, எல்லாரும் பார்க்க எடுத்துட்டுப் போவோம்.”

“அவரு விடணுமே.”

“அவரு எதுக்கு விடணும்? சட்டம் விட்டா போதாதா? போய் வாத்துக்குத் தீனி வை.”

முப்பதாம் நாள் மார்ட்டின் திருநாளன்று விழுந்தது. வாத்து அறுக்கும் நாள். கோட்டை முழுக்க வறுத்த வாத்தின் மணம். நடுவர்கள் மூன்று பேர் வந்தார்கள், மூவரும் பக்கத்துக் கோட்டைக்காரர்கள். மூத்தவர் பொப்போ பிரபு. எழுபது தாண்டியவர், ஒரு காது மந்தம், ஆனால் பழைய சட்டம் வரிக்கு வரி மனப்பாடம்.

முதலில் ஆண் வாரிசின் பங்கு. வாள், கவசம், சேணத்தோடு சிறந்த குதிரை. அங்கேயே ஒரு தகராறு. சாம்பல் குதிரையைத் தன் குதிரைக்காரன் மாட்ஸுக்குத் தருவதாக யோப்ஸ்ட் சாகும்போது சொல்லியிருந்தார். கேட்டவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். மாட்ஸ் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றான்.

“சொன்னது இருக்கட்டும்” என்றார் ஆஸ்முஸ். “சட்டத்துல என்ன எழுதியிருக்கு? சிறந்த குதிரை வாரிசுக்கு. எழுதினபடி நடக்கட்டும்.”

பொப்போ காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார். “எழுதினபடியா?”

“எழுதினபடி.”

“எல்லாத்துக்குமா? இடையில மாத்திப் பேசக்கூடாது தம்பி.”

“கடைசித் துண்டுத் துணி வரைக்கும் எழுதினபடி!”

மாட்ஸ் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போனான். ஆஸ்முஸுக்குக் குதிரை கிடைத்தது, இரண்டு கிண்ணங்கள், ஒரு மெத்தை, ஒரு துவாலை, பூச்சி அரித்த கூடாரம் ஒன்றும் கிடைத்தது. பிறகு விதவையின் பங்கு. ஆடுகள், வாத்துகள், நூல், திரைகள், மோதிரங்கள். கூனல் மூடி வைத்த பெட்டிகள் பெண்ணுக்கு, தட்டை மூடி வைத்தவை வாரிசுக்கு. புத்தகங்கள் இருந்ததோ தட்டை மூடிப் பெட்டி. ஒரு காலத்தில் யோப்ஸ்ட் அம்பு வைத்திருந்தது.

ஆஸ்முஸ் அதன் மேல் கையை வைத்தார். “தட்டை. எனக்கு.”

“பெட்டி உங்களுக்கு” என்றார் அப்போலோனியா. “உள்ள இருக்கிறது எனக்கு. ஐயா, விதவையோட பங்குல துணிக்கு அப்புறம், நாற்காலிக்கு முன்னாடி என்ன வருதுன்னு சொல்லுங்க.”

பொப்போ கண்ணை மூடிக்கொண்டார். உதடுகள் அசைந்தன. துணி, மோதிரம், தலையணி... பிறகு கண்ணைத் திறந்தார். முகத்தில் ஒரு சிரிப்பு ஊர்ந்தது. “சங்கீதப் புத்தகங்கள், தேவ ஆராதனைக்கான மத்தப் புத்தகங்கள். பெண்கள் வழக்கமா வாசிக்கிறது எதுவோ அது.”

முந்நூறு வருஷத்துக்கு முன்னால் எழுதியது. அந்தக் காலத்துச் சீமாட்டிகளின் ஜெபப் புத்தகத்தை நினைத்து எழுதியிருப்பார்கள். அதற்குப் பிறகு யாரும் அந்த வரியைக் கையில் எடுக்க அவசியம் வரவில்லை.

ஆஸ்முஸ் பெட்டியிலிருந்து கையை எடுத்தார். ஆனால் அவர் முட்டாள் அல்ல. “வழக்கமா வாசிக்கிறதுன்னு தானே இருக்கு? அண்ணி கன்னிமடத்துல வளர்ந்தவங்க, அவங்க வாசிக்கிறது வேற விஷயம். இந்த வீட்டுல பெண்கள் வாசிக்கிறது வழக்கமா? எந்தப் பொம்பளை வாசிக்கிறா? காட்டுங்க, நான் வாயை மூடிக்கிறேன்.”

“உர்செல்!” என்று அப்போலோனியா அடுக்களைப் பக்கம் குரல் கொடுத்தார்.

உர்செல் முழங்கைவரை வாத்துக் கொழுப்போடு வந்தாள். “இப்ப வாத்து பாதி வெந்திருக்கு. சீக்கிரம் சொல்லுங்க.”

பொப்போ முத்திரையை உடைத்து, கைக்குக் கிடைத்த புத்தகத்தை, கைக்கு வந்த பக்கத்தில் திறந்து நீட்டினார். உர்செல் இடுப்பில் கட்டிய முன்துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வாசித்தாள். முட்டைக்கோஸ் நறுக்குவதுபோல் வெட்டி வெட்டி, ஆனால் ஒரு சொல்லையும் விடாமல். டோர்தே வந்தாள், வேறு பக்கம். அவள் வேகம். மூன்றாவதாக ஒருத்தி கோழிக்கூண்டிலிருந்து ஓடிவந்தாள்.

“மனப்பாடம்!” ஆஸ்முஸ் எழுந்துவிட்டார். “ஒரு மாசமா கிளிக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி சொல்லிக்கொடுத்திருக்காங்க!”

“பெட்டிக்கு மூணு வாரமா முத்திரை போட்டு வெச்சது நீங்கதானே?” என்றாள் உர்செல்.

“முன்னாடியே பண்ணியிருப்பீங்க! இவளுங்க இதுவரைக்கும் பார்க்காத ஒண்ணைக் கொடுங்க. அப்ப தெரியும்.”

“நியாயம்” என்றார் பொப்போ. “எதைக் கொடுக்கலாம்?”

ஆஸ்முஸ் கோபத்தில் இடுப்புப் பையை அவிழ்த்தார். “இதோ. நேரா அக்கரையிலிருந்து எனக்கு வந்தது. என் போதகரைத் தவிர ஒரு கண்ணும் பட்டதில்ல. வாசி பார்ப்போம்!”

உர்செல் கடிதத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள். “கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கு. எங்க எஜமானியம்மா சீட்டு இதைவிடப் பரவாயில்ல” என்று முணுமுணுத்தாள். பிறகு ஆரம்பித்தாள். மதிப்புக்குரிய ஆஸ்முஸ் பிரபுவுக்கு வாழ்த்து. அண்ணன் மறைவுக்கு வருத்தம். புத்தகங்களைப் பற்றி எழுதியிருந்தது கண்டு ஆயர் மகிழ்ந்தார். ஆஸ்முஸ் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். அவருக்குத் தெரிந்த பாடம்.

“...வனக் காவல் தலைமையைப் பொறுத்தவரை,” உர்செல் கண்ணைச் சுருக்கினாள், “அது... சென்ற மாதமே... ஆயரின் மருமகனுக்கு... அளிக்கப்பட்டுவிட்டது. எனினும் புத்தகங்களைக் கொண்டுவந்து சேர்த்தால் தங்களுக்கு ஆயரின் ஆசி என்றும் உண்டு.”

அடுக்களையில் கொழுப்பு நெருப்பில் சொட்டிச் சீறுவது கூடம்வரை கேட்டது.

“அப்படி இல்ல” என்றார் ஆஸ்முஸ். “அப்படி இருக்காது. திரும்ப வாசி.”

உர்செல் திரும்ப வாசித்தாள். அவர் டோர்தேயை வாசிக்கச் சொன்னார். அதே சொற்கள். கடைசியில் பொப்போவிடம் நீட்டினார். பொப்போ கடிதத்தைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, தலையை மேலும் கீழும் ஆட்டினார்.

“என் போதகர் ரெண்டு தடவை வாசிச்சாரே” என்றார் ஆஸ்முஸ். குரல் இறங்கிவிட்டது. “ஆசியைச் சொன்னாரு. மருமகனைச் சொல்லவே இல்லையே.”

“கெட்ட சேதியை எஜமான்கிட்டச் சொல்ல யாருக்குங்க தைரியம் வரும்?” என்றாள் உர்செல். குத்தலாகச் சொல்லவில்லை. “பாதியை விட்டுட்டு வாசிச்சிருப்பாரு. அதுக்குத்தான் நான் யாரையும் நம்புறதில்ல. ஐயா, முடிஞ்சுதா? வாத்து கருகுது.”

நடுவர்கள் தனியே கூடிப் பேசவும் இல்லை. மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். “இந்த வீட்டுப் பெண்கள் வழக்கமா வாசிக்கிறாங்க” என்று பொப்போ அறிவித்தார். “புத்தகம் விதவைக்கு. பெட்டி வாரிசுக்கு. எழுதினபடி.”

எல்லோரும் அப்போலோனியாவின் வாத்தைச் சாப்பிட்டார்கள். ஆஸ்முஸும் சாப்பிட்டார். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினார்.

மறுநாள் காலை பெட்டியில்லாமல் புத்தகங்களை எப்படிக் கொண்டுபோவது என்ற கேள்வி வந்தது. ஏழு பெண்கள் முன்துணியை மடித்துப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். ஆளுக்கு மூன்று. மிஞ்சிய இரண்டை அப்போலோனியா எடுத்துக்கொண்டார். வாத்துகள் முன்னால், ஆடுகள் பின்னால், நடுவில் புத்தகங்கள் என்று பட்டப்பகலில் மலைப்பாதையில் இறங்கினார்கள். எதிரே வந்த ஆலைக்காரர் தொப்பியைக் கழற்றினார். வாத்துக்கா, புத்தகத்துக்கா என்று அவருக்கே தெரியவில்லை.

*

அந்தக் கீழ் வீட்டில் அப்போலோனியா பத்தொன்பது வருஷம் இருந்தார். பீர் காய்ச்சினார். பெயரைக் கேட்டுப் பல்வலிக்காரர்கள் தேடி வருவார்கள். “எங்கிட்ட மருந்து இல்ல. உட்காரு, இதை வாசி, வலி மறந்துபோகும்” என்பார். சிலருக்கு மறந்தது. மறக்காதவர்களுக்குக் கிராம்பு கொடுத்தார். ஆலைத் தெருவில் வாசிக்கத் தெரியாத பெண்ணைக் கல்யாணத்துக்குப் பார்க்கும்போது மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிக்கும் நிலை வந்தது. அது அவருக்கே கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது.

ஆஸ்முஸ் மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் குளிர்காலத்திலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தால், போதகர் வாசித்த பிறகு, மாட்ஸ் அதை எடுத்துக்கொண்டு கீழே வருவான். சாம்பல் குதிரையில். குதிரையைத் தனக்குத் தந்ததாக எஜமான் சொல்லவே இல்லை, ஒருநாள் லகானைக் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார் என்பான்.

“உர்செல் அக்காகிட்ட வாசிக்கக் கொடுக்கச் சொன்னாரு. ஒரு வரி விடாம.”

“என்னைக் கேட்டு என்ன புண்ணியம், அவரே கத்துக்கலாமே” என்பாள் உர்செல். வாசித்தும் கொடுப்பாள்.

மூன்றாம் வருஷ மார்ட்டின் திருநாளன்று ஒரு வண்டி வந்து வாசலில் நின்றது. உள்ளே அந்த அம்புப் பெட்டி. தச்சர் தட்டை மூடியைக் கழற்றிவிட்டு, புதிதாகக் கூனல் மூடி ஒன்றைப் பொருத்தியிருந்தார். அப்போலோனியா சுற்றிவந்து பார்த்தார். மூடியின் வளைவைக் கையால் தடவினார்.

“இப்ப இது யாருதுன்னு சட்டத்துல சந்தேகமே இல்ல” என்றார்.

மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு துண்டுக் காகிதம். கோணல்மாணலாக, பெரிய பெரிய எழுத்தில், இரண்டே சொற்கள். அண்ணிக்கு, ஆஸ்முஸ். போதகரின் கை அல்ல.

உர்செல் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“எதையும் விடலம்மா” என்றாள். “அவ்வளவுதான் இருக்கு.”

அப்போலோனியா புத்தகங்களை ஒவ்வொன்றாக உள்ளே அடுக்கினார். இருபத்து மூன்றும் போன பிறகும் ஓரத்தில் ஒரு கை அகலம் இடம் மிச்சமிருந்தது.